கட்டையைச் சாய்க்க ஆறடி இடம் இல்லையா?

விமான நிலையத்து நாற்காலிகளுக்கு நடுவில் கைப்பிடி வைக்கணும்னு முதல்முதலாக யோசித்த மகராசன் யாருன்னு எனக்குத் தெரியாது. தெரிந்தால் அவரை அதே நாற்காலியில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார வைக்கணும். "நாற்காலி உட்காரத்தானே, படுக்கவா?" என்று கேட்கிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு வேறு வேலை பார்க்கலாம். (சரி சரி, நீங்களும் படிங்க. கோபத்தில் சொல்லிட்டேன் :))

நடந்தது இதுதான். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். அவசரமாக டிக்கெட் தேடினேன். பிராங்க்ஃபர்ட்டிலிருந்து திருச்சி, நடுவில் வளைகுடாவில் ஒரு ஊரில் இறங்கி மாறணும். ஊர் பேர் வேண்டாம். 3 மணி நேரத்தில் மாறுகிற டிக்கெட்டும் இருந்தது, 11 மணி நேரம் காத்திருக்கிற டிக்கெட்டும் இருந்தது. இரண்டுக்கும் 140 யூரோ வித்தியாசம். "11 மணி நேரம் என்ன பெரிய விஷயம், ஒரு தூக்கம் போட்டால் போச்சு"ன்னு 140 யூரோவை மிச்சம் பிடித்தேன். அந்த "ஒரு தூக்கம்" எங்கே போடுவதுன்னு அப்போ யோசிக்கலை.

ராத்திரி 8 மணிக்கு இறங்கினேன். பத்து மணி வரைக்கும் வேடிக்கை பார்த்தேன். தங்கம், சென்ட், சாக்லேட், ஒட்டகப் பொம்மை. பன்னிரண்டு மணிக்கு முதுகு கேட்க ஆரம்பித்தது. உள்ளேயே இருந்த டிரான்சிட் ஹோட்டலில் விசாரித்தேன். குறைந்தது 6 மணி நேரத்துக்கு எடுக்கணுமாம். அதற்குச் சொன்ன தொகை நான் மிச்சம் பிடித்த 140 யூரோவை விட அதிகம். அதுவும் ரூம் காலி இல்லையாம். "குளிக்க மட்டும் ஏதாவது வழி இருக்கா?" என்றேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே "லவுஞ்ச்" என்றது. லவுஞ்சுக்கும் காசு. அதுவும் மூணு மணி நேரம்தான், அப்புறம் வெளியே.

சரின்னு ஒரு ஓரமாகத் தரையில் படுத்தேன். அங்கே ஏற்கெனவே ஒரு முப்பது பேர் படுத்திருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் நம்ம ஆட்கள், பங்களாதேஷ்காரர்கள், நேபாளிகள். பிளாஸ்டிக் டேப் சுற்றிய பெட்டி, பக்கத்தில் சுருட்டிய கம்பளி. ரெண்டு மணிக்கு ஒரு செக்யூரிட்டி வந்து காலால் தரையைத் தட்டித் தட்டி எல்லோரையும் எழுப்பினான். தரை துடைக்கிற வண்டி வருமாம். வண்டி வந்தது, போனது. திரும்பப் படுத்தோம். மூணரைக்கு மறுபடியும் எழுப்பினான். இந்த முறை காரணம்கூடச் சொல்லலை.

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் அறந்தாங்கிப் பக்கம். சவூதியில் டிரைவர். ஐம்பதைத் தாண்டியிருக்கும். மூணு வருஷம் கழித்து ஊருக்குப் போகிறார். எனக்காவது 11 மணி நேரம். அவருக்கு 14.

"ஏன் அண்ணே இவ்வளவு நேரம் நிக்கிற டிக்கெட்டை எடுத்தீங்க?" என்றேன்.

"நான் எங்க தம்பி எடுத்தேன்? கம்பெனி எடுத்துக் குடுத்துச்சு. எது மலிவோ அதான் எடுப்பான்."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "பேத்தி பொறந்து ரெண்டு வயசாச்சு தம்பி, இன்னும் தூக்கலை. இந்த வேர்வை நாத்தத்தோட போய் எப்படித் தூக்குறது? ஒரு குளியல் போட்டுட்டு எறங்கணும்."

இந்த இடத்தில்தான் மக்களே எனக்கும், "பட்ஜெட் பயணி சகிச்சுக்கத்தான் வேணும்" என்று சொல்கிற நண்பர்களுக்கும் சண்டை. அவர்கள் வாதங்களை ஒண்ணொண்ணாக எடுத்துக்குவோம்.

"காசு குறைச்சுக் குடுத்தே, வசதி குறைச்சுக் கிடைக்குது." இதுதான் முதல் வாதம். எனக்குச் சொன்னால் ஒத்துக்கறேன், 140 யூரோவுக்கு ஆசைப்பட்டவன் நான். அறந்தாங்கி அண்ணனுக்கு இதை எப்படிச் சொல்வீங்க? அவர் டிக்கெட்டை அவர் எடுக்கவே இல்லையே. காசை மிச்சம் பிடித்தது ஒருத்தன், தரையில் கிடந்தது இன்னொருத்தர்.

அதுமட்டுமில்லை. விமானக் கம்பெனிக்குக் கொடுப்பது வேறு, விமான நிலையத்துக்குக் கொடுப்பது வேறு. டிக்கெட்டில் வரி, கட்டணம் என்று பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்குமே, அதை என்றைக்காவது படித்திருக்கீங்களா? துபாயில் 2016-ல் ஒரு பயணிக்கு 35 திர்ஹாம் என்று கட்டணம் கொண்டுவந்தார்கள். அங்கே இறங்கி விமானம் மாறிப் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். இது துபாய் சங்கதி மட்டுமில்லை, பல ஊர்களில் டிரான்சிட் பயணிக்கென்றே ஒரு கட்டணம் டிக்கெட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த 35 திர்ஹாமில் முன்வரிசை சோபாக்காரருக்கு ஒரு ரேட், கடைசி வரிசைக்காரருக்கு ஒரு ரேட் கிடையாது. ஒரே ரேட்டில் வாங்கிக்கொண்டு ஒருத்தருக்குச் சோபாவும் இன்னொருத்தருக்குத் தரையும் கொடுத்தால் அதுக்குப் பேர் என்ன?

"விமானக் கம்பெனியே ஹோட்டல் குடுப்பானே!" இது இரண்டாவது. குடுப்பான் சாமி, குடுப்பான். 8 மணி நேரம், 10 மணி நேரம் என்று கம்பெனிக்குக் கம்பெனி ஒரு கணக்கு. அதற்கு மேல் காத்திருந்தால் ரூம், சாப்பாடு எல்லாம் உண்டு. ஆனால் பெரும்பாலும் ஒரு கொக்கி இருக்கும்: அன்றைக்கு அதை விடக் குறைந்த நேரத்தில் மாறுகிற விமானம் எதுவும் இருந்திருக்கக் கூடாது. இருந்தும் மலிவுக்காக நீளமானதை எடுத்தால் ரூம் கிடையாது. சில கம்பெனிகளில் மலிவு டிக்கெட்டுக்கே இது கிடையாது. அதாவது யாருக்கு ரூம் எடுக்க வக்கில்லையோ அவனுக்கு மட்டும் ரூம் கிடையாது. என்ன ஒரு ஏற்பாடு!

"வெளியே போய்த் தங்கிக்க வேண்டியதுதானே?" மூன்றாவது. எந்த விசாவில்? நம்ம பாஸ்போர்ட்டின் லட்சணம் நமக்குத் தெரியாதா? பிரிட்டனில் விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து விமானம் மாறுவதற்குக்கூட, அமெரிக்க விசா மாதிரி ஏதாவது கையில் இல்லாவிட்டால், இந்தியர் தனியாக டிரான்சிட் விசா எடுக்கணும். கதவைத் தாண்டிப் போக முடியாதவனை உள்ளே வைத்துக்கொண்டு "வெளியே போய்ப் படு" என்பது நல்ல நகைச்சுவை.

"பாதுகாப்பு, சுத்தம்" என்பது நான்காவது. அங்கே இருக்கிறவன் ஷூ, பெல்ட், பர்ஸ் எல்லாம் கழட்டிக் காட்டி உடம்பு முழுக்கத் தடவப்பட்டு உள்ளே வந்தவன். அவன் உட்கார்ந்திருந்தால் ஆபத்தில்லை, படுத்தால் ஆபத்தா?

முடியாத காரியத்தை நான் கேட்கலை. செய்கிறவர்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். சிங்கப்பூர் சாங்கியில் காலை நீட்டிச் சாய்ந்துகொள்கிற நாற்காலிகளை இலவசமாகவே போட்டிருக்கிறார்கள். குளியலுக்குக் காசுதான், ஆனால் குளிப்பதற்கு மட்டும் காசு கொடுத்துக் குளிக்கலாம், 6 மணி நேரத்துக்கு ரூம் எடு என்று கழுத்தைப் பிடிப்பதில்லை. தோஹாவில் 2014-ல் திறந்த புது விமான நிலையத்தில் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று அமைதி அறைகள் வைத்தார்கள். வெளிச்சம் குறைவு, சாய்வு நாற்காலி, சத்தம் கிடையாது, காசும் கிடையாது. நடுக் கூடத்தில் 7 மீட்டர் உயர மஞ்சள் கரடி பொம்மையும் வைத்தார்கள், அது வேற கதை. கரடிக்கு இடம் இருக்கிற கட்டடத்தில் மனுஷனுக்கும் இடம் இருக்கும், அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம ரயில்வேயை நான் திட்டாத நாள் இல்லை. ஆனால் பெரிய ஜங்ஷன்களில் ரிட்டயரிங் ரூம் உண்டு, டார்மிட்டரி உண்டு. உறுதியான டிக்கெட்டோ ஆர்.ஏ.சி.யோ இருந்தால் பி.என்.ஆர். நம்பரைப் போட்டு எடுக்கலாம், 48 மணி நேரம் வரைக்கும் தங்கலாம். சுத்தம் எப்படின்னு கேட்காதீங்க :( ஆனால் ரயில் பயணிக்கு முதுகு உண்டு, அவன் குளிப்பான் என்கிற விஷயம் என்றைக்கோ ஒரு அதிகாரிக்குத் தோன்றியிருக்கிறது பாருங்க, அதற்கு ஒரு கும்பிடு.

அதுக்கும் முன்னாடி போனால், மதுரையில் ராணி மங்கம்மாள் காலம். 1689-லிருந்து 1706 வரைக்கும் ஆண்ட அந்த அம்மாள் பேரில் மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றைக்கும் சத்திரம் இருக்கிறது. நடந்து வருகிறவன் படுக்கணும், குளிக்கணும், சாப்பிடணும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதை விடுங்க, நம்ம ஊர் ரோட்டோரச் சுமைதாங்கிக் கல் ஞாபகம் இருக்கா? பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்துப்போன பெண்ணின் நினைவாக நட்டு வைப்பார்கள். தலைச்சுமையோடு தனியாக வருகிறவன் யார் உதவியும் இல்லாமல் பாரத்தை இறக்கி வைத்து, திரும்ப அவனே தலையில் ஏற்றிக்கொள்ளத் தோதான உயரம். இறங்கி ஏறுகிற வழிப்போக்கனுக்கு என்ன தேவையோ அது மட்டும். அந்தக் கல்லை நட்டவன் "நீ எந்த வகுப்பு டிக்கெட்?" என்று கேட்கலை.

கோடி கோடியாகக் கொட்டி விமான நிலையம் கட்டுகிறவர்களிடம் நான் கேட்பது மூணே மூணு. ஒன்று, பத்து வரிசை நாற்காலிக்கு ரெண்டு வரிசையாவது கைப்பிடி இல்லாமல் போடுங்க. இரண்டு, ஒரு குழாய், ஒரு கதவு, துணி மாட்ட ஒரு கொக்கி, இப்படி நாலு குளியலறை கட்டுங்க. சின்னதாகக் காசு வேண்டுமானால் வாங்கிக்குங்க. மூன்று, ராத்திரி 12-லிருந்து 5 வரைக்கும் தூங்குகிறவனை எழுப்பாதீங்க. தரை காலையில் காயும்.

சரி, அண்ணன் குளித்தாரா இல்லையா? குளித்தார். நாலு மணிக்கு ரெண்டு பேரும் கழிப்பறைக்குப் போனோம். கையைக் காட்டினால் தண்ணி வரும், எடுத்தால் நிற்கும் குழாய். அதில் தலையைக் கொடுத்து அவர் படுகிற பாட்டை அங்கே துடைத்துக்கொண்டிருந்த நேபாளிப் பையன் பார்த்தான். ஒண்ணும் பேசலை. "ஈரத் தரை" என்று எழுதிய மஞ்சள் போர்டை எடுத்துக்கொண்டு போய் வாசலுக்குக் குறுக்கே வைத்தான். உள்ளே வந்து, துடைக்கிற தண்ணி பிடிக்கிற புது வாளி ஒன்றைக் கழுவி, நிரப்பிக் கொடுத்து, பத்து விரலையும் விரித்துக் காட்டினான். பத்து நிமிஷம். அந்த மாபெரும் விமான நிலையத்தில் எங்களுக்குக் கிடைத்த குளியல் வசதி அந்தப் பையனின் மஞ்சள் போர்டுதான். மேலதிகாரி பார்த்திருந்தால் அவன் வேலை போயிருக்கும்.

திருச்சியில் இறங்கும்போது அண்ணன் வெள்ளைச் சட்டையில், தலை வாரி, பளிச்சென்று இருந்தார். வெளியே வந்ததும் குழந்தை அவரைப் பார்த்து வீல் என்று அழுதது. அது புது முகம் பார்த்து அழுத அழுகை. வேர்வை நாத்தத்துக்கு அழலை, அது எனக்கு நிச்சயம்.

பி.கு.: திட்டினால் மட்டும் போதுமா, உபயோகமாகவும் ஏதாவது சொல்லணுமே. கைப்பையில் ஒரு கைலி, ஒரு மெல்லிசுத் துண்டு, மாற்று பனியன், ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் பை. பற்பசை 100 மில்லிக்குள் இருக்கட்டும். தூங்கும்போது பை வாரைக் காலில் மாட்டிக்குங்க, போனில் ரெண்டு அலாரம் வைங்க. தொழுகை அறையைப் படுக்கை அறை ஆக்காதீங்க, அது அவர்களுக்கு. டிக்கெட் எடுப்பதற்கு முன்னாடியே "ஹோட்டல் உண்டா?" என்று விமானக் கம்பெனியில் கேட்டுடுங்க, எடுத்த பிறகு கேட்டால் கதை சொல்வான்.

உங்களுக்குத் தெரிந்த, காசில்லாமல் கட்டையைச் சாய்க்கிற இடங்கள் இருந்தால் சொல்லிட்டுப் போங்க. அடுத்து அந்த வழியாகப் போகிற ஒரு அண்ணனுக்கு உதவும்.