கையறிந்த நினைவு

முதியோரை நாடோறும் பரீட்சை மண்டபத்தில் நிறுத்தும் வழக்கத்தை நாம் கைவிடல் வேண்டும். 'நான் யார், சொல்லுங்கள்' என்னும் வினா அல்ஸைமர் நோயுற்றாரை நாணச் செய்வதன்றி வேறு பயன் தருவதில்லை. 1906-ஆம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியர் அலாய்ஸ் அல்ஸைமர் முதன்முதல் எடுத்துரைத்த இந்நோய், புதிய நிகழ்ச்சிகளைப் பதியவைக்கும் மூளைப்பகுதியைப் பெரும்பாலும் முந்தித் தாக்குகின்றது. நெடுநாட் பழகிய கைவேலையும் நடையும் வேறு பகுதிகளைச் சார்ந்தவை; ஆதலின் அவை பிந்தியே மறைகின்றன. பேரன் பெயரை மறந்த பாட்டியின் விரல்கள் புள்ளிக்கோலத்தைப் பிழையின்றி இடுவது இதனாலேயாம்.

காரைக்காலில் நமக்கு வாய்த்த துணையோ பெரிது. ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வருங்கால் மாடங்களினின்று கனிகள் எறியப்படும். அக்கனியொன்றை மூதாட்டியின் கையில் கொடுத்து, எறிவதுபோல் கையை உயர்த்தச் செய்து, 'வீதியில் கூட்டம் எப்படி, பாட்டி?' என்று கேட்டுப் பாருங்கள். உடலசைவும் மணமும் மனக்காட்சியும் ஒன்றுகூடும்போது சொல் வரினும் வரும். வாராவிடினும் குற்றமில்லை; முகம் மலரின் போதும். இது நோயைத் தீர்க்கும் மருந்தன்று. அவ்வாறு கூறுவோரை நம்பற்க. விழாநாளன்று கூட்டத்திற்கு அஞ்சி முதியோரை உள்ளறையில் இருத்திவிடும் இல்லங்களைப் பற்றியே நாம் வருந்துகின்றோம். திண்ணையில் ஒரு நாற்காலிக்கு இடமில்லையா?