மீன் தொட்டி வாங்கும் முன் கிணற்றைப் பாருங்கள்

வீட்டில் மீன் வளர்க்கும் ஆசை எம்மில் பலருக்கு வந்திருக்கிறது. விடுமுறை வந்ததும் தம்பி தங்கைகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகிறோம். முதலில் கண்ணைப் பறிக்கும் ஒரு கண்ணாடித் தொட்டி. அடுத்து சாயம் பூசிய கற்கள், பிளாஸ்டிக் செடிகள், நீல வெளிச்சம். பிறகு பொலித்தீன் பையில் ஆறேழு மீன்கள். மிஞ்சிய காசுக்கு ஒரு சிறிய எயார் மோட்டர். தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதுதான் வீட்டுக் கிணற்றில் சும்மா கிடைக்கிறதே! ஒரு வாரத்துக்குள் மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்கும்போது, "எங்கட கைக்கு மீன் ராசியில்ல" என்று உம்மாமார் சொல்லிவிடுகிறார்கள்.

ராசியில் ஒரு குறையும் இல்லை. நாம் கொண்டுபோன பட்டியல்தான் தலைகீழாக இருக்கிறது. தொட்டிக்கான கருவிகளைத் தெரிவு செய்யும்போது தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. புத்தளக் கரையோரத்தில் வாழும் எமக்கு அது மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பொருந்தும்.

விஞ்ஞான பாடத்தில் நைத்திரசன் வட்டத்தை வரைந்து பெயரிட்டிருக்கிறோம். அதே வட்டம் மீன் தொட்டிக்குள்ளும் சுழல்கிறது. மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட உணவு அழுகினாலும் அமோனியாதான் வருகிறது. இது மீனுக்கு நஞ்சு. ஒரு வகைப் பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சு. இன்னொரு வகைப் பற்றீரியாக்கள் நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. இதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு. புதிய தொட்டியில் இந்தப் பற்றீரியாக்கள் போதியளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லலாம். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் விட்டால், அந்த மீன் தன் கழிவிலேயே மூச்சுத் திணறுகிறது. தண்ணீர் பார்வைக்குத் தெளிவாக இருப்பதால் நமக்கு ஒன்றும் விளங்குவதில்லை.

இனி எம் ஊர்த் தண்ணீருக்கு வருவோம். புத்தளத்திலிருந்து வடக்கே யாழ்ப்பாணம் வரை நிலத்துக்கடியில் சுண்ணாம்புக்கல் படுகை இருக்கிறது. புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலைக்கு அருவக்காட்டிலிருந்து கல் வருவதும் அதனால்தான். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு, சவர்க்காரம் நுரைக்க மறுக்கும் தண்ணீர் இவையெல்லாம் எமக்குப் பழக்கமானவை. இத்தகைய வன்மையான நீரின் பீ.எச். பெறுமானம் பெரும்பாலும் 7ஐவிடக் கூடுதலாக இருக்கும். இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் இருக்கிறது. நீரில் உள்ள அமோனியாவில் ஒரு பங்குதான் கடுமையான நஞ்சு வடிவில் இருக்கும். பீ.எச். பெறுமானம் 7இலிருந்து 8 ஆக உயரும்போது அந்தப் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. வெப்பம் கூடினாலும் அது கூடும். ஆகவே நுவரெலியாவின் குளிர்ந்த மென்னீரில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அளவு கழிவு, கற்பிட்டியின் சூடான வன்மையான நீரில் அதைக் கொன்றுவிடலாம். எமக்கு பில்டர் ஓர் அலங்காரப் பொருளாக இருக்க முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

நீரை மாற்றுவதற்கென்று கடைகளில் பலவிதத் திரவங்களும் மாத்திரைகளும் விற்கிறார்கள். சுண்ணாம்பு நிலத்து நீரோடு அவற்றைக் கொண்டு போராடுவது வீண் செலவு. இன்று இறக்கிய பீ.எச். நாளை மீண்டும் ஏறும்; அந்த ஏற்ற இறக்கமே மீனை நோயாளியாக்கும். தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தெரிவு செய்வது மலிவான வழி. கப்பி, மொலி, பிளாட்டி, சுவோர்ட் டெயில் போன்ற குட்டி போடும் மீன்களுக்கு வன்மையான நீர் நன்றாக ஒத்துவரும். நியோன் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவை மென்னீரில் தோன்றிய மீன்கள். அவற்றை ஆசைக்காக இங்கே கொண்டுவருவது பொருத்தமில்லை. கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளையும் முருகைக் கற்களையும் தொட்டிக்குள் போடும் பழக்கமும் வேண்டாம். அவை சுண்ணாம்பால் ஆனவை, பீ.எச். பெறுமானத்தை இறங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கும். அதோடு, கற்பிட்டிக் கடலிலுள்ள முருகைக் கற்பாறைத் தொடர் 1992இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அதன் துண்டுக்கு எம் வரவேற்பறையில் இடமில்லை.

அப்படியானால் எதை வாங்குவது? முதலாவது, போதிய அளவுள்ள தொட்டி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி ஏறத்தாழ 54 லீற்றர் கொள்ளும். சிறிய தொட்டி பராமரிக்க இலகு என்பது தவறான எண்ணம். தண்ணீர் குறையக் குறைய நஞ்சு விரைவாகச் செறிவடையும். வெயில் ஏறினால் சூடும் சட்டென்று ஏறும். பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும் பரிசாகக் கொடுக்கும் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் இதனால்தான் மோசமான தெரிவு. ஃபைட்டர் மீன் அதில் உயிரோடு இருப்பது அது மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கக்கூடியது என்பதால்தான். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோகிராம் என்பதையும் மறக்க வேண்டாம். கல்லோடும் கண்ணாடியோடும் சேர்த்து 65 கிலோவுக்கு மேல் தாங்கும் மேசை வேண்டும்.

இரண்டாவது, பில்டர். எயார் மோட்டரால் இயங்கும் சாதாரண ஸ்பொஞ்ச் பில்டரே எம் போன்றவர்களுக்குப் போதும். அந்தப் பஞ்சின் துளைகளில்தான் பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. அதைக் குழாய் நீரில் பளிச்சென்று கழுவினால் குளோரீன் அவற்றைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே மெதுவாகப் பிழிந்து கழுவ வேண்டும். எயார் மோட்டரை நீர் மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். அல்லது குழாயில் ஒருவழி வால்வு பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் நிற்கும்போது தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி வந்து மோட்டரையும் சுவிட்சையும் நனைக்கும். வால்வு மிகச் சிறிய பொருள்தான். ஆனால் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

மின்சாரம் பற்றியும் ஒரு வார்த்தை. 900 மெகாவாற்று நுரைச்சோலை அனல் மின் நிலையம் எம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டை நாமும் அனுபவித்தோம். சூடான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். எனவே பற்றரியில் இயங்கும் சிறிய எயார் மோட்டர் ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது நிற வெளிச்சத்தைவிட அவசியமானது. ஹீட்டர் எமக்கு வேண்டாம். சராசரி வெப்பநிலை 27, 28 பாகை செல்சியஸில் நிற்கும் இடத்தில் அது வீண்விரயம். அந்தக் காசில் ஒரு வெப்பமானியும் மூடியும் வாங்கலாம். மூடி மீன் துள்ளி விழாமல் காக்கும். மீன் விடாமல் தொட்டியைத் தயார்படுத்தும் வாரங்களில் டெங்கு நுளம்பு முட்டையிடாமலும் காக்கும்.

கடைக்காரர் "டேங்க் கிளீனர்" என்று ஒரு மீனையும் சேர்த்துத் தருவார். கருவியின் பெயரோடு விற்கப்படும் உயிர் அது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் ஓரடிக்கு மேல் வளரும். கழிவைக் குறைக்காது, கூட்டும். தொட்டிக்குப் பெரிதானதும் பலர் அதைக் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். இலங்கையின் நீர்நிலைகளில் இப்போது அது ஓர் ஆக்கிரமிப்பு இனம். அதன் முட்கள் மீனவரின் வலையைச் சிக்கலாக்குகின்றன. ஒரு வீட்டின் தவறான தெரிவுக்கு யாரோ ஒரு மீனவக் குடும்பம் விலை கொடுக்கிறது.

தண்ணீரைக் கவனிக்காத வளர்ப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு எம் மாவட்டத்தின் இறால் பண்ணைகளைவிடப் பெரிய பாடம் தேவையில்லை. 1980களில் சிலாபம் முதல் புத்தளம் வரை பண்ணைகள் பெருகின. பம்பிகளும் காற்றூட்டும் சக்கரங்களும் இருந்தன. ஆனால் பல பண்ணைகள் ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தே நீர் எடுத்தன. கழிவு நீரையும் அதற்குள்ளேயே விட்டன. ஒருவர் வெளியேற்றியது அடுத்தவரின் குளத்துக்குள் போனது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது அது பண்ணைக்குப் பண்ணை தாவியது. இன்றும் அந்தப் பாதையில் கைவிடப்பட்ட குளங்களைப் பார்க்கலாம். எத்தனை கருவி இருந்தாலும், எந்த நீர் வருகிறது, எந்த நீர் போகிறது என்று கேட்காதவருக்கு அவை உதவுவதில்லை.

சிலர் மறுத்துச் சொல்வார்கள்: "எங்கட வீட்டு சீமெந்துத் தொட்டியில ஒரு மோட்டரும் இல்லாம கப்பி மீன் வருசக் கணக்கா பெருகுதே!" உண்மைதான். அந்தத் தொட்டியில் நூற்றுக்கணக்கான லீற்றர் நீர் இருக்கிறது. பாசியும் தாவரங்களும் கழிவை உறிஞ்சுகின்றன. தண்ணீரின் அளவுக்கு மீன்கள் குறைவு. உணவையும் யாரும் அள்ளிக் கொட்டுவதில்லை. பில்டர் செய்யும் வேலையை அங்கே இயற்கை செய்கிறது. வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டியில் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. அதனால்தான் நாம் கருவி வாங்குகிறோம்.

மார்க்கமும் இதைத்தான் கேட்கிறது. பூனையொன்றைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் தண்டிக்கப்பட்டதை நபி (ஸல்) அவர்கள் எச்சரிக்கையாகச் சொன்னதை மத்ரஸா நாள் முதலே கேட்டு வருகிறோம். அபூ உமைர் என்ற சிறுவன் வளர்த்த குருவி இறந்தபோது அவனிடம் அன்போடு விசாரித்த செய்தியும் எமக்குத் தெரியும். வளர்ப்பதற்கு அனுமதி இருக்கிறது. அடைத்து வைத்துவிட்டுக் கவனிக்காமல் விடுவதற்கு அனுமதி இல்லை. நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் நாம் அடைத்த உயிருக்கு மூச்சுவிடத் தகுந்த நீரைக் கொடுப்பது எம் மீதுள்ள அமானிதம்.

ஆகவே என் பட்டியலில் முதல் பொருள் நீரைப் பரிசோதிக்கும் டெஸ்ட் கிட். அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று, பீ.எச். ஆகிய நான்கையும் அது காட்டினால் போதும். மீன் விடாத தொட்டியில் பில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு இட வேண்டும். அமோனியா ஏறி இறங்கி, நைத்திரைற்றும் ஏறி இறங்கிப் பூச்சியமான பின்னரே மீனைக் கொண்டுவர வேண்டும். அதுவும் ஒரேயடியாக இல்லாமல், இரண்டு மூன்றாக.

டெஸ்ட் கிட் விலை கூட என்பார்கள். ஒரு பெட்டியால் பல பத்துத் தடவை பரிசோதிக்கலாம். பத்து வீடுகள் சேர்ந்து ஒன்றை வாங்கலாம். எமது கல்லூரியின் விஞ்ஞான மன்றம் ஒன்றை வாங்கி, மாணவியர் போத்தலில் கொண்டுவரும் கிணற்று நீரைப் பரிசோதித்துக் கொடுத்தால் என்ன?

இதை நான் மீனுக்காக மட்டும் கேட்கவில்லை. கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நிலத்தில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடும் பசளை இலகுவாக நிலத்தடி நீருக்குள் இறங்குகிறது. அங்குள்ள கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்துள்ள எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். போத்தல் பால் குடிக்கும் பச்சிளங் குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகும் ஆபத்தை நினைத்தே அந்த எல்லை வைக்கப்பட்டது. கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும். மீன் தொட்டிக்கென்று பரிசோதிக்கும் துளியில் நிறம் கடும் சிவப்பாக மாறினால், அந்தக் கிணற்று நீரைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கவனத்துக்குக் கொண்டுபோய் முறையான ஆய்வுகூடத்தில் சோதிக்க வேண்டும். அதுவரை குழந்தைக்குப் பால் கரைக்க வேறு நீரைத் தேட வேண்டும்.

கண்ணாடியையும் வெளிச்சத்தையும் எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். இந்த விடுமுறையில் மீன் தொட்டி வாங்க நினைக்கும் சகோதரியர், கடைக்குப் போகும் முன் ஒரு போத்தலைக் கழுவி அதில் கிணற்று நீரை எடுத்து வையுங்கள்.