துருப்பிடிக்காமை கத்திக்குப் பெருமையா?



நம்மவர் கத்தி வாங்கும் முறையைக் குறித்துச் சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. பேரங்காடிக்குச் செல்கிறோம். பளபளப்பைப் பார்க்கிறோம். "துருப்பிடிக்குமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம். "பிடிக்காது" என்ற பதில் வந்ததும் பணத்தை நீட்டுகிறோம். வெட்டுமா என்று கேட்டவர் எத்தனை பேர்? சில மாதங்களில் தக்காளித் தோலிலேயே வழுக்கும் அக்கத்தி, இழுப்பறையில் உறங்கப் போய்விடுகிறது.

இதே நெகிரி செம்பிலான் தோட்டங்களில், ரந்தாவ், பகாவ், கெமெஞ்சே வட்டாரங்களில், பால்மரம் சீவிய நம் தாத்தா பாட்டிமார் கத்தியை இப்படி மதிப்பிட்டதில்லை. சீவும் கத்தி ஒவ்வொரு முறையும் ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைத்தான் எடுக்க வேண்டும். மரத்தை வளர்க்கும் உயிர்ப்படலத்தைத் தொடாமல், அதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்னே நின்றுவிடவும் வேண்டும். அதுவும் விடியாத இருட்டில்! கத்தி மழுங்கினால் கை அழுத்தும். அழுத்தினால் மரம் காயப்படும். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னாளில் அங்கே ஒழுங்காகச் சீவ இயலாது. ஆகவே அவர்கள் கேட்ட கேள்விகள் வேறு. கூர் எத்தனை மரம் வரை நிற்கும்? கல்லில் எவ்வளவு விரைவாக ஏறும்? துருவோ, துடைத்து எண்ணெய் தடவினால் தீரும் சங்கதி.

படிக்காதவர்கள் என்று நாம் ஒதுக்கிய அவர்களின் பக்கமே உலோகவியலும் நிற்கிறது. கூரைத் தாங்குவது பளபளப்பன்று. எஃகிலுள்ள கரிமமும், கொல்லர் போடும் தோய்ச்சலும்தான். நல்ல கரிம எஃகில் கரிமம் நூற்றுக்கு ஒரு பங்கை நெருங்கும். 1913-இல் செப்பீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருவேறா எஃகு, குரோமியத்தால் துருவைத் தடுத்தது. அதைக் குறை கூறவில்லை. ஆனால் மலிவான கத்திகளில் பயன்படும் 420 வகையில் கரிமம் பெரும்பாலும் 0.15 முதல் 0.4 விழுக்காடுதான். ஜெர்மானியக் கத்திகளில் பரவலாக உள்ள 1.4116 வகையில் ஏறத்தாழ 0.5. ஜப்பானின் விஜி-10 வகையில் ஒரு விழுக்காடு கரிமமும் 15 விழுக்காடு குரோமியமும் உண்டு. கூர் நெடுநாள் நிற்கும், ஆயினும் எலும்பில் போட்டால் வாய் சிதறும். மூன்றையும் "எவர்சில்வர்" என்ற ஒரே சொல்லில் அடக்குவது அறியாமையன்றி வேறென்ன? நாம் உண்ணும் எவர்சில்வர் தட்டின் எஃகை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கத்திக்குரிய கடினம் ஏறாது. பொதுவாகத் தட்டில் காந்தம் ஒட்டாது, கத்தியில் ஒட்டும். வகுப்பறையில் ஐந்து நிமிடத்தில் காட்டிவிடலாம்.

இன்னொரு கூத்து, டமாஸ்கஸ் என்ற பெயரில் விற்கும் அலைக்கோட்டுக் கத்திகள். கொடுமணலில் உருக்கு வார்த்தோம், அதை ஆராய 1819-இல் பாரடேயே முன்வந்தார் என்று மேடைதோறும் முழங்குகிறோம். மெய்தான். ஆனால் அந்த உருக்கின் கோலம், மூசையில் உருகி மெல்ல ஆறியபோது உள்ளிருந்தே தோன்றியது. இன்றைய விலையுயர்ந்த கத்திகளில் அது பல அடுக்குகளைப் பற்றவைத்து எடுத்த மேற்போர்வை. வெட்டுவது நடுவிலுள்ள எஃகே. மலிவானவற்றில் பெரும்பாலும் மேலே பொறித்த வெறும் படம்! முன்னோர் பெருமை பேசும் நாமே அந்தப் படத்துக்கு நூறு வெள்ளி கூடுதலாகக் கொடுக்கிறோம்.

"நம் ஈரக்காற்றில் கரிம எஃகு கெட்டுவிடாதா, புளியும் எலுமிச்சையும் பட்டால் கறுக்காதா?" என்பர். கறுக்கும். அந்தக் கறுப்பு அரிக்கும் செந்துருவன்று. பயன்படுத்தியதும் கழுவித் துடைக்கும் பழக்கமுள்ள வீட்டிற்குக் கரிம எஃகே சிறந்தது என்பது என் கருத்து. கழுவுதொட்டியில் இரவெல்லாம் ஊறப்போடும் வீட்டார் 1.4116 போன்றதை வாங்கிக்கொள்ளட்டும்; கூடவே ஒரு தீட்டுக்கல்லும். எஃகின் வகையைச் சொல்ல மறுக்கும் கடையில் எதையும் வாங்க வேண்டாம்.

துருப்பிடித்தலைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆணியை நீரில் போட்டுக் காட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். பால்மரம் சீவிய முதியவர் ஒருவர் உங்கள் ஊரில் இன்னும் இருப்பார். கத்தியோடும் கல்லோடும் அவரை வகுப்புக்கு அழையுங்கள். பேரப்பிள்ளைகள் முன்னால் அவர் ஒருமுறை தீட்டிக் காட்டட்டும்.