பனை மரங்களும் ஒரு பாடசாலையும்

வளர்முக நாடு என்ற சொல்லைப் பத்திரிகை மேசையில் இருந்துகொண்டு எத்தனையோ தடவை எழுதியிருக்கின்றேன். அத்தகைய நாடொன்றினூடாகக் குடும்பத்துடன் பிரயாணம் செய்யும் வாய்ப்பு 2017 டிசம்பரில்தான் கிட்டியது. நாமே அப்படியான நாடொன்றிலிருந்து சென்றவர்கள் என்பது வேறு விடயம். துணைவியாரும் நானும், கனடாவிலிருந்து வந்திருந்த மகளும், அங்கேயே பிறந்து வளர்ந்த பன்னிரண்டு வயதுப் பேத்தியுமாக நால்வர் கம்போடியாவுக்குச் சென்றோம்.

அங்கோர் வாட் ஆலயத்தைப் பற்றி எழுதப் பலர் உளர். என் மனதில் நிற்பது சியெம் ரீப்பிலிருந்து தலைநகர் நொம்பென் வரையிலான பஸ் பிரயாணம். முந்நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட அந்த வீதியின் இருமருங்கிலும் வயல்கள், வயல்களின் நடுவே பனைகள். நமது பனையேதான். 2005இல் அதனைத் தேசிய மரமாகப் பிரகடனப்படுத்தியிருக்கிறார்கள். வீதியோரத்தில் பனங்கட்டி விற்கிறார்கள். "இஞ்ச பாருங்கோ, பளையால போற மாதிரியெல்லோ கிடக்கு" என்றார் துணைவியார். பேத்தியின் கண்களுக்கோ மரக்கால்களில் நிற்கும் தகர வீடுகளே பட்டன. "இந்தச் சனம் ஏன் அம்மம்மா இவ்வளவு ஏழையா இருக்கினம்?" என்று கேட்டாள். "கொம்மாவும் இப்பிடியான வீட்டிலதான் பிள்ளை வளர்ந்தவ" என்று பதில் வந்தது. மகள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பிள்ளைக்குச் சொல்லாமல் விட்டவற்றை அவள் எண்ணியிருக்கக்கூடும்.

நொம்பென் நகரில் துவோல் ஸ்லெங் என்றொரு நூதனசாலை உண்டு. முன்னர் அது ஓர் உயர்நிலைப் பாடசாலை. 1975 ஏப்ரலில் ஆட்சியைக் கைப்பற்றிய கெமர் ரூஜ் இயக்கத்தினர் அதனைச் சித்திரவதைச் சிறையாக்கினர். வகுப்பறைகளைச் செங்கற் சுவர்களால் ஆள் படுக்கும் அளவிலான கூண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். கரும்பலகைகள் சில இன்னமும் சுவரில் உள்ளன. சிறைக்குக் கொண்டுவரப்பட்டவர்களை நெஞ்சில் இலக்கம் குத்திப் படம் பிடித்தார்கள். அப்படங்கள் அறை அறையாக வைக்கப்பட்டுள்ளன. சிறுவர்களும் தாய்மாரும் அவற்றில் அடக்கம். முற்றத்தில், உயிர் தப்பிய மிகச் சிலருள் ஒருவரான சும் மெய் தமது நூலை விற்றுக்கொண்டிருந்தார். தட்டச்சுப் பொறிகளைத் திருத்தத் தெரிந்திருந்தமையால் விட்டுவைக்கப்பட்டவர் அவர். தட்டச்சுப் பொறியால் வாழ்ந்தவன் நான். அவர் எதிரில் என்னால் எதுவும் பேச முடியவில்லை.

அங்கே 12,272 பேருக்குக் குறையாதோர் கொல்லப்பட்டனர் என 2010இல் விசேட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடைசி இலக்கம் வரை எண்ணிக்கை இருப்பதற்குக் காரணம் கொன்றவர்களே பட்டியல் வைத்திருந்தமைதான். நமது நாட்டில் 2009இல் முடிந்த போரின் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என 2011இல் ஐ.நா. நிபுணர் குழு கூறிற்று. மறுவருடம் வெளியான ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு 70,000க்கும் மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை எனக் குறிப்பிட்டது. ஓர் அறிக்கைக்கும் மற்றதற்கும் இடையே ஒரு பட்டினமே காணாமற் போகிறது. "அம்மப்பா, எங்கட ஆக்களின்ர படங்கள் எங்க வைச்சிருக்கு?" என்று பேத்தி கேட்டாள். நாற்பது வருடங்களாகப் பிறரைக் கேள்வி கேட்டு ஊதியம் பெற்றவனிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை.

கம்போடியாவைப் பின்பற்ற வேண்டிய நாடாக நான் காட்டவில்லை. பொல் பொட் விசேட நீதிமன்றத்தால் விசாரிக்கப்படாமலே 1998இல் இறந்தார். விசேட நீதிமன்றம் முப்பது கோடி டொலருக்கு மேல் செலவிட்டு, 2022இல் தன் பணியை முடித்தபோது தண்டனை பெற்றிருந்தோர் மூவரே. நாங்கள் அங்கு நின்ற அதே வருடம் செப்டெம்பரில், 63 இலட்சம் டொலர் வரிப் பாக்கி என்று அரசாங்கம் நெருக்கியதால் 'கம்போடியா டெய்லி' பத்திரிகை மூடப்பட்டது. நவம்பரில் பிரதான எதிர்க்கட்சி நீதிமன்ற உத்தரவால் கலைக்கப்பட்டது. எந்த ஊருக்குப் போனாலும் காலையில் அவ்வூர்ப் பத்திரிகைகளை வாங்குவது என் வழக்கம். நொம்பென்னில் அந்தப் பெயரைத் தேடிவிட்டு வெறுங்கையுடன் திரும்பினேன். இறந்தோரை நினைவுகூர அனுமதிக்கும் அரசு உயிரோடிருப்போரைப் பேசவும் விடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆயினும் அந்தப் பாடசாலை இடிக்கப்படாமல் நிற்கிறது. 2025இல் அது உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. நமது பக்கத்திலோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரியில் ஓர் இரவில் இடிக்கப்பட்டது. அதனை மீளக் கட்டுவதற்கு மாணவர்கள் உண்ணாவிரதம் இருக்கவேண்டியிருந்தது.

துணைவியாரின் இளைய சகோதரரை 2009 ஏப்ரலுக்குப் பின்னர் கண்டவர் எவருமில்லை. படிவங்கள் நிரப்பினோம், விசாரணைகளில் சாட்சியம் அளித்தோம், புகைப்படப் பிரதிகளை ஒப்படைத்தோம். ஒரு வரிப் பதிலும் வரவில்லை.

நூதனசாலையின் வாயிலருகே வருகையாளர் புத்தகம் ஒன்று இருந்தது. மகளும் பேத்தியும் ஆங்கிலத்தில் ஏதோ எழுதினார்கள். துணைவியார் பேனாவை வாங்கித் தமிழில் தம்பியின் முழுப் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதினார். பிறந்த வருடத்தையும் எழுதி, அதன் பக்கத்தில் ஒரு சிறு கோடு இட்டார். கோட்டுக்கு அப்பால் என்ன வருடம் போட வேண்டுமென்று பேத்தி கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. பின்னால் காத்து நின்ற வெள்ளைக்காரப் பெண்ணிடம் பேனாவைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.