மாநிலமே இல்லாத சர்வீசஸ் அணி சந்தோஷ் டிராபியை அள்ளுவது எப்படி?

2012 சந்தோஷ் டிராபி ஃபைனல் ஞாபகம் இருக்கா? கட்டாக்கில் தமிழ்நாட்டை 3-2 என வீழ்த்தி கோப்பையைத் தட்டிச் சென்றது சர்வீசஸ். 2024-ல் கோவாவை 1-0 என சாய்த்து 7-வது முறையாக சாம்பியன் ஆனது.

ராணுவம், கடற்படை, விமானப்படை வீரர்கள் சேர்ந்து ஆடும் கால்பந்து அணி இது. மாநில அணிகள் தொடருக்கு முன்புதான் கேம்ப் போட்டுக் கூடும். இவர்களுக்கு சம்பளம், சாப்பாடு, மைதானம் எல்லாமே வருஷம் முழுக்க படையிலேயே கிடைக்கும். ரகசியம் அவ்வளவுதான்.

ஏரியூரில் பந்தையும் ஆர்மி கனவையும் சேர்த்தே துரத்தும் பசங்க ஒன்றைக் கவனிக்கணும். அக்னிவீர் வேலை 4 ஆண்டுதான். நிரந்தரமாவது அதிகபட்சம் 25% பேர். ஒரு டிஃபெண்டர் பக்குவப்படும் வயசில் வெளியே வரவேண்டியிருக்கும். தேசிய, சர்வதேசப் போட்டிகளில் சாதித்தவர்களுக்கு ஹவில்தார் பதவிக்கு நேரடி வழி தனியாக உண்டு. பிசிகலுக்கு ஓடும் வேகத்தில் மாநில அணித் தேர்வைக் கோட்டை விட்டால், அந்த வழி அடைபட்டுவிடும்.