பல்லைக் கடித்துக்கொண்டு...

கல்யாணமாகி ஒரு வருஷம் முடிந்தால் போதும். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "ஏதாவது விசேஷம் உண்டா?" இல்லை என்று தலையாட்டினால் ஆலோசனைகள் ஆரம்பமாகிவிடும். பப்பாளி சாப்பிடாதே, மாடிப்படி ஏறாதே, ஸ்கூட்டரில் உட்காராதே. சமீபத்தில் இந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கும் புது அயிட்டம்: பல் டாக்டரிடம் போகாதே!

நண்பர் ஒருவரின் மனைவிக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. "குழந்தைக்குப் பார்த்துக்கிட்டிருக்கற நேரத்துல ஊசி, எக்ஸ்ரேன்னு எதுக்கும்மா?" என்றார் மாமியார். அந்தப் பெண் பஞ்சில் கிராம்புத் தைலம் தொட்டு வைத்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டினார். ஏழாவது மாதம் விசேஷம் வந்தது. அதற்கடுத்த மாதம் கன்னம் வீங்கி, ஜுரமும் வந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு ஆட்டோ பிடித்து ஓடினார்கள். எந்த ஊசிக்கும் மாத்திரைக்கும் பயந்து தள்ளிப்போட்டாரோ, அத்தனையும் வயிற்றில் பிள்ளையோடு வாங்க வேண்டியதாயிற்று. நல்லவேளை, தாயும் சேயும் நலம்.

பி.காம். படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். சொத்துக்கும் சொத்தைக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம். கட்டாமல் விட்ட கடன் தானாகத் தள்ளுபடி ஆகாது. வட்டியோடு அடுத்த வருஷக் கணக்கில் வந்து உட்காரும்.

எக்ஸ்ரே பயத்துக்குக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு பல்லுக்கு எடுக்கும் சின்னப் படத்தில் சுமார் 5 மைக்ரோசீவர்ட் கதிர்வீச்சு. மண்ணிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் சும்மா இருக்கும் மனிதனுக்கே உலக சராசரியாக வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் வந்து சேர்கிறது. 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு ஆறரை மைக்ரோசீவர்ட். ஆக, பல் எக்ஸ்ரே என்பது ஏறக்குறைய ஒரு நாள் உயிரோடு இருப்பதற்குச் சமம். மோனசைட் மணல் உள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அந்த ஒரு நாள் கணக்கே இன்னும் அதிகம். தவிர, படம் எடுப்பது கன்னத்தை. கர்ப்பப்பை இருப்பது வேறு விலாசத்தில். கர்ப்பிணியானாலும் ஈய ஏப்ரன் தேவையில்லை என்றே அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-ல் சொல்லிவிட்டது.

ஊசி? மரத்துப்போகப் போடும் லிக்னோகெய்ன், கர்ப்பிணிகளுக்கே பாதுகாப்பானது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு 2013-ல் அறிவித்திருக்கிறது. முயற்சியில் இருப்பவர்கள் ஏன் நடுங்க வேண்டும்?

அதற்காக எல்லாமே ஓகே என்று அர்த்தமில்லை. பாதரசம் கலந்த வெள்ளி நிற ஃபில்லிங்கைக் கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவர்களும் தவிர்ப்பது நல்லது என்றது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 2020-ல். பல் நிறத்திலேயே வேறு ஃபில்லிங் கிடைக்கிறது. ஆனால் ஏற்கெனவே ஒழுங்காக இருக்கும் பழைய ஃபில்லிங்கைப் பயந்துபோய்த் தோண்டி எடுக்கக் கூடாது. தோண்டும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வரும்.

நிஜமான ஆபத்து ஆபீஸ் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறது. "பல்வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று வாங்கிப்போய் மனைவியிடம் நீட்டுகிறோமே, அதில். டெட்ராசைக்ளின் வகை மாத்திரை, கர்ப்பத்தின் பிற்பாதியில் சாப்பிட்டால், பிறக்கப்போகும் குழந்தையின் பல்லில் கறை ஏற்றிவிடும். எது சாப்பிடலாம், எது கூடாது என்று டாக்டர் சொல்லட்டும்.

அவர் சொல்ல வேண்டுமானால் அவரிடம் நாம் சொல்ல வேண்டும். "கர்ப்பமா?" என்று கேட்டால் முதல் இரண்டு வாரம் யாருக்கும் பதில் தெரியாது. "முயற்சியில் இருக்கிறோம் டாக்டர்" என்பதே சரியான பதில். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊரே கேட்கிற விஷயம்தானே, டாக்டருக்கு மட்டும் ரகசியமா?

ரூட் கெனால் மாதிரி நாலு தடவை நடக்க வேண்டிய வேலைகளை இப்போதே முடித்துவிடுவது புத்திசாலித்தனம். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு வீங்கி ரத்தம் கசியும்; வாந்தியின் அமிலம் பல்லை அரிக்கும். பிரஷ்ஷை வாயில் வைத்தாலே குமட்டும் நேரத்தில் டாக்டரின் கண்ணாடியை எப்படி வைப்பது?

கடைசியாக, கணவன்மார்களுக்கு. அரை நாள் லீவு போட்டுக் கூடவே போங்கள். அம்மா ஆட்சேபித்தால் மேலே உள்ள கணக்கை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்; அதை மருமகள் தலையில் கட்டாதீர்கள். அப்படியே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் வாயையும் திறந்து காட்டுங்கள். நாளைக்கு ஒரே ஸ்பூனில் அப்பாவும் பிள்ளையும் சாப்பிடும்போது சொத்தைக் கிருமியும் பாகம் பிரியும். அப்பா சொத்தைப் பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். சொத்தையை எழுதி வைக்கலாமா?

அடுத்த முறை யாராவது "விசேஷம் உண்டா?" என்று கேட்டால் பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டு நகருங்கள். அதற்காவது பல் வேண்டும், இல்லையா?