முகமறியாதவருக்குச் சொல்லும் சட்டம்

வேலை போய்விட்டது, கடைக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார், நண்பருக்காகப் போட்ட பிணைக் கையெழுத்து வம்பாகிவிட்டது. இத்தகைய சிக்கலில் மாட்டிக்கொண்டவர்கள் பலர், வழக்கறிஞரைத் தேடிச் செல்வதற்கு முன்பே இணையத்தில் கேட்டுவிடுகிறார்கள். சில நிமிடங்களில் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து பதில் வருகிறது. அந்தப் பதில் பெரும்பாலும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இருக்கும். “வழக்குப் போடுங்கள், வெற்றி நிச்சயம்” என்பார் ஒருவர். “கையெழுத்துப் போட்டது உங்கள் தவறு, அனுபவியுங்கள்” என்பார் மற்றொருவர். இப்படிப் பேசுவது உதவியா, உபத்திரவமா? சொல்பவர் வழியைக் காட்டினால் அஃது உதவி. தீர்ப்பே வழங்கிவிட்டால் அஃது ஆபத்து.

நேரடியாகப் பேசுவதன் நன்மையை மறுக்க முடியாது. மலேசியாவில் நியாயமான காரணமின்றிப் பணிநீக்கம் செய்யப்பட்டதாகக் கருதும் தொழிலாளி, 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின்படி 60 நாளுக்குள் தொழிலியல் உறவுத் துறையிடம் முறையிட வேண்டும். “கவலைப்படாதீர்கள், முதலாளி மனம் மாறுவார்” என்னும் ஆறுதல் காதுக்கு இனிமையாக இருக்கும். அதை நம்பிக் காத்திருந்தவருக்கோ 61ஆம் நாளில் அந்தக் கதவு அடைபட்டிருக்கும். “நாளைக் காலையே போய் முறையிடுங்கள், பதவி விலகல் கடிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்” என்று கறாராகச் சொன்னவரே அவருக்கு உண்மையில் உதவியவர்.

ஆனால், அந்த 60 நாள் கணக்கு ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் செல்லாது. ஜொகூர் பாருவிலிருந்து நாள்தோறும் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் ஏராளம். அங்கு வேலை செய்தவரின் பணிநீக்கத்திற்கு அந்நாட்டுச் சட்டமே பொருந்தும். தவறான பணிநீக்கம் குறித்துப் புகார் செய்யப் பொதுவாக, வேலையின் கடைசி நாளிலிருந்து 1 மாதமே அவகாசம். கேட்பவரும் மலேசியர், பதில் சொல்பவரும் மலேசியர் என்பதால் “60 நாள் இருக்கிறது” என்னும் பதில் எளிதாக வந்துவிடும். அதை நம்பி இரண்டாம் மாதத்தில் போய் நிற்பவருக்குக் காலம் கடந்திருக்கும். பதில் சொன்னவர் பொய் சொல்லவில்லை, “எங்கே வேலை செய்தீர்கள்?” என்று கேட்கத் தவறிவிட்டார்.

இடத்தைப் போலவே காலமும் சட்டத்தை மாற்றும். குடும்ப உறுப்பினரின் கல்விக் கடனுக்கோ நண்பரின் சொந்த வாகனக் கடனுக்கோ ஆதாயம் எதுவும் பெறாமல் கையெழுத்திட்டவர் ‘சமூகப் பிணையாளர்’ எனப்படுகிறார். முன்பு அவர் மீதும் திவால் நடவடிக்கை எடுக்க இடம் இருந்தது. 2017இல் மலேசியச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, சமூகப் பிணையாளரைத் திவாலாக்க வழக்குத் தொடுக்க முடியாது. அதற்காக அவருடைய கடன் பொறுப்பே நீங்கிவிடவில்லை. “நீங்கள் திவால்தான்” என்று அடித்துச் சொல்பவர் பழைய சட்டத்தைச் சொல்கிறார். “ஒன்றும் ஆகாது, விட்டுவிடுங்கள்” என்பவர் புதிய சட்டத்தில் பாதியை மட்டும் சொல்கிறார். இருவரின் குரலிலும் உறுதி இருக்கிறது. ஒருவரை நம்பினால் தூக்கம் போகும். மற்றவரை நம்பினால் பணம் போகும்.

வழக்கறிஞர் ஆவணங்களைப் படிக்கிறார். எதிர்த்தரப்பு என்ன வாதிடும் என்றும் எண்ணிப் பார்க்கிறார். தம் தொழிலில் தவறு செய்தால் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவராகவும் இருக்கிறார். முகமறியாதவரிடம் இருப்பது ஒரு தரப்பின் கதை மட்டுமே. அவருடைய அறிவுரை பிழையாகிப்போனால் இழப்பு முழுவதும் கேட்டவரையே சேரும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது இங்கு மிகவும் பொருந்தும்.

அப்படியென்றால், வழக்கறிஞர்களைத் தவிர வேறு யாரும் வாய் திறக்கக் கூடாதா? அதுவும் சரியன்று. கட்டணத்திற்கு அஞ்சியும் வெட்கப்பட்டும் உரிமையைக் கைவிடுபவர்கள் பலர். “வழக்கறிஞரைப் பாருங்கள்” என்று சொல்லிக் கைகழுவுவதால் அவர்களுக்குப் பயனில்லை. முன்பணத்தைத் திருப்பித் தராத கடைக்காரர் மீது மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணம் செலுத்தி முறையிடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கும். பொதுவாக அங்கு வழக்கறிஞர் வாதாடுவதில்லை. கோரிக்கை எழுந்த 3 ஆண்டுக்குள் முறையிட வேண்டும். குறைந்த வருமானம் உள்ளவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையை நாடலாம். இத்தகைய செய்தியைத் தெரிந்தவர் சொல்லாமல் இருப்பதுதான் தவறு.

ஆகவே, அறிவுரை கூற முன்வருபவர் முதலில் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: எங்கே நடந்தது? எப்போது நடந்தது? எதில் கையெழுத்திட்டீர்கள்? பிறகு காலக்கெடுவையும் செல்ல வேண்டிய அலுவலகத்தையும் பத்திரப்படுத்த வேண்டிய ஆவணங்களையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லலாம். வெல்வாரா தோற்பாரா என்பதை விசாரிப்பவரிடம் விட்டுவிட வேண்டும்.

இந்தப் பொறுப்பு பெரியவர்களுக்கு மட்டும் உரியதன்று. ‘புதிய சட்டம் வந்துவிட்டது’ என்று புலனத்தில் வரும் செய்தியைப் படித்தவுடன் பத்துப் பேருக்கு அனுப்பும் மாணவரும், தம்மை அறியாமலே சட்ட அறிவுரை கூறுகிறார். அந்தப் பத்துப் பேரில் ஒருவர், நாளை வேலை இழந்து நாளை எண்ணிக்கொண்டிருப்பவராக இருக்கலாம். எந்த நாட்டுச் சட்டம், எந்த ஆண்டுச் சட்டம் என்று பார்த்துவிட்டு அனுப்பச் சில நிமிடங்கள் போதும்.